உட்புறமாகத் திருப்புங்கள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எனக் கடந்து சென்றால் மலையின் கோடியில் கிளாவரை. மன்னவனூரில் 1965 முதல் செம்மறி ஆட்டையும் கம்பளியையும் ஆராயும் மத்திய அரசு மையம் ஒன்று உண்டு. அதே வழியில், குளிருக்குக் கம்பளி இல்லாத பிள்ளைகளும் உண்டு.

மார்கழி மாதத்தில் ஒருநாள் காலை வீடு சந்திக்கச் சென்றேன். பூண்டுக் காட்டு ஓரத்தில் ஒரு சிறுவன் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

“ஏனம்மா, கொடுத்த கம்பளிச் சட்டை எங்கே?” என்று அவன் தாயாரைக் கேட்டேன்.

அவர் தலை குனிந்தவாறு, “போடமாட்டேன்னு அழுவுறான் சாமி. நெஞ்சுல இருக்கிற எழுத்தைப் படிச்சுப் படிச்சுப் பிள்ளைங்க சிரிக்குதாம்” என்றார்.

எழுத்து என்னவென்று எனக்குத் தெரியும். நகரத்து அன்பர்கள் அனுப்பிய பன்னிரண்டு சட்டைகளிலும், கொடையாளர் பெயரும் ‘ஏழைகளுக்கு அன்பளிப்பு’ என்ற வாசகமும் சிவப்பு நூலால் எந்திரப் பூத்தையலாக இருந்தன. பங்கிடும்போது அதைப் பார்த்தும் என் மனம் உறுத்தவில்லை. தர்மத்தைப் பறைசாற்றாதே என்று எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்!

அன்றிரவே பிளேடும் கையுமாக அமர்ந்தேன். முன்புறமாகவே எழுத்தைச் சுரண்டினேன். சிவப்பு நூலோடு கம்பளி இழையும் அறுந்து, கண்ணெதிரே துளை விரிந்தது.

மறுநாள் தையற்காரர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை உட்புறமாகத் திருப்பினார். “எந்திரத் தையலுக்கு ரெண்டு நூல் சாமி. மேல்நூல் அழகுக்கு, அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது பாபின் நூல். அதை வெட்டினால் மேல்நூல் தானே வந்துடும்” என்றார்.

சுவிட்சர்லாந்தில் இசாக் குரோப்லி என்பவர் 1863-இல் அமைத்த பூத்தையல் எந்திரத்திலும் இந்த இரட்டை நூல் முறைதான். கீழ்நூலைச் சுமந்த நாடா படகு வடிவில் இருந்ததால், ‘சிறு படகு’ என்றே அந்த எந்திரத்திற்குப் பெயர்.

அவர் காட்டிய முறை இது: எழுத்தின் பின்னால் தாள்போன்ற தாங்குதுணி ஒட்டியிருக்கும். அதன்மேல், பெரும்பாலும் வெள்ளையாக, கீழ்நூல் ஓடும். தையல் பிரிக்கும் கருவியை அந்தத் தாங்குதுணிக்கும் கீழ்நூலுக்கும் இடையே செருகி, நாலைந்து தையலாக வெட்ட வேண்டும். தாங்குதுணியே கம்பளியைக் காக்கும் கேடயம். ஆகையால் அதை இறுதியில்தான் கிழிக்க வேண்டும். பிறகு முன்புறம் திருப்பி, தளர்ந்த நூலை முள்வாங்கியால் மெல்ல எடுக்க வேண்டும். வராத இடத்தில் இழுக்கலாகாது; மீண்டும் பின்புறம் பார்க்க வேண்டும். முடிவில் ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் ஆவி காட்டி, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக வருடினால் ஊசித் துளைகள் கூடிவிடும்.

ஒரு சட்டைக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. முதலில் முடித்ததைக் கிளாவரைக்குக் கொண்டுபோனேன். சிறுவன் நெஞ்சுப் பகுதியைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் போட்டுக்கொண்டு ஓடினான். துளை விழுந்த சட்டையை நானே வைத்துக்கொண்டேன்.

அன்புக் குடும்பத்தாரே, பிறருக்கு ஆடை கொடுக்குமுன் அதன் முன்புறத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை அதை அணிந்து பள்ளிக்குப் போவானா? போகமாட்டான் எனில், முதலில் உட்புறமாகத் திருப்புங்கள்.