மீதிச் சில்லறையும் கடிகார முள்ளும்

கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் மேற்கொண்ட ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. எடையையும் விலையையும் மனத்திலேயே பெருக்கி, மீதித் தொகையைப் பிழையின்றிச் சொன்ன சிறார்களுள் பலர், பாடநூல் வடிவில் தரப்பட்ட எளிய கழித்தலிலும் வகுத்தலிலும் தடுமாறினர். சந்தை அனுபவமற்ற பள்ளி மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. தாளில் கணக்கிடத் தெரிந்தும், சந்தைக் கணக்கின் முன் அவர்கள் திகைத்து நின்றனர். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவோரச் சிறார் விற்பனையாளர்கள் குறித்து 1985இல் வெளியான ஆய்வும், தெருக்கணக்கிற்கும் பள்ளிக்கணக்கிற்கும் இடையே இத்தகைய பிளவைக் காட்டியிருந்தது.

இந்தப் பிளவை இணைக்கும் வாய்ப்பு வீட்டிற்கு உண்டு. அந்த வாய்ப்போ குறைந்து வருகிறது. 2016இல் யூபிஐ அறிமுகமான பின் பணம் கைமாறும் காட்சியே பல வீடுகளில் அருகிவிட்டது. குழந்தை காண்பது ‘பணம் செலுத்தப்பட்டது’ என்னும் அறிவிப்பை மட்டுமே. கொடுத்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்ற கேள்வி எழுவதில்லை. கைப்பேசித் திரையும் நேரத்தை எண்ணாகக் காட்டுகிறதே தவிர, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கழிந்தது என்பதை முள்ளைப் போலக் காட்டுவதில்லை.

ஏழே முக்காலுக்குப் புறப்பட்டு 8.20க்குப் பள்ளியை அடையும் குழந்தையிடம் பயண நேரத்தைக் கேட்டால், 8.20இலிருந்து 7.45ஐக் கழித்து ‘75 நிமிடம்’ என்று சொல்லக்கூடும். கழித்தல் சரி, அலகு பற்றிய புரிதல்தான் பிழை. ‘முக்கால்’ என்பது கடிகாரத்தில் 45 நிமிடம், ரூபாயில் 75 பைசா, தராசில் 750 கிராம். இந்தியின் ‘பௌனே’யும் நேரத்திற்கும் விலைக்கும் பொதுவாகவே வழங்குகிறது. பேச்சுமொழியில் ஒன்றாக ஒலிக்கும் சொல்லுக்குள் நூறும் அறுபதும் ஆயிரமும் மறைந்திருப்பதை வீட்டில் எவரேனும் பிரித்துக் காட்ட வேண்டும்.

அதற்குக் கடைக்காரர் மீதி தரும் முறையே போதுமானது. 37 ரூபாய்ப் பொருளுக்கு 50 ரூபாய் நீட்டினால், அவர் கழிப்பதில்லை, கூட்டிச் செல்கிறார். 37உடன் மூன்று சேர்ந்தால் 40, மேலும் பத்து சேர்ந்தால் 50. ஆக மீதி 13. இதே வழியில் ஏழே முக்காலிலிருந்து எட்டு மணிவரை 15 நிமிடம், அதன்பின் 20 நிமிடம், ஆக 35. பணத்திற்கும் நேரத்திற்கும் பயிற்சி ஒன்றே. முதலில் வாயால் சொல்லி, பின்னர் அதையே தாளில் கழித்தலாக எழுதிப் பார்த்து, இரு விடைகளும் ஏன் ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பேசும்போதுதான் சந்தையும் பள்ளியும் ஒரே மனத்தில் சந்திக்கின்றன. எழுதாமல் விட்டால் அது சந்தைக் கணக்காகவே நின்றுவிடும்.

இது சில்லறை விஷயமன்று. பிரதம் அமைப்பின் ‘ஏசர்’ 2023 அறிக்கை 14 முதல் 18 வயதினரை ஆராய்ந்தது. அவர்களுள் கழித்தலேனும் செய்யத் தெரிந்தோரில் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் வரவு செலவுக் கணக்கைச் செய்தனர். தள்ளுபடியைக் கணக்கிட்டோர் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகையைக் கணக்கிட்டோர் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் மட்டுமே. கடன் என்பது பணமும் காலமும் ஒருங்கே பின்னிய கணக்கு. அதைக் கணிக்க இயலாதவர் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதையே அறியாமல் உடன்படுகிறார்.

சந்தைச் சிறார்களின் மனக்கணக்கை வியந்து போற்றுவது எளிது. படிப்பும் ஓய்வும் பெற வேண்டிய பொழுதை உழைப்பில் இழந்தே அவர்கள் அத்திறனைப் பெற்றனர். அந்த விலையைக் கொடுக்காமலே ஒரு குழந்தை அதை வீட்டில் பெற முடியும். வாரம் ஒருமுறையேனும் கையில் ரொக்கம் தந்து கடைக்கு அனுப்புவதும், சுவரில் முள் கடிகாரம் ஒன்றை மாட்டிவைப்பதும், விடை வரும்வரை பெரியவர்கள் அவசரப்படாமல் காத்திருப்பதும் அதற்குப் போதும். இவற்றுள் காத்திருப்பதே கடினமானது.