படகுக்கு வேண்டிய ஆயுதங்கள்

தச்சனின் உளியையும் கொல்லனின் சுத்தியலையும் 'ஆயுதம்' என்று அழைப்பது எமது வழக்கம். நவராத்திரியின் நிறைவில் நாம் பூசையில் வைப்பதும் அவற்றையே. நீண்ட யுத்தம் அந்தச் சொல்லின் மீது வேறொரு பொருளை ஏற்றிவிட்டது. நான் இங்கு எழுத விரும்புவது பழைய பொருளிலான ஆயுதங்களைப் பற்றியே. குறிப்பாக, சிறிய மீன்பிடிப் படகொன்றில் இருக்கவேண்டிய ஸ்பானர், குறடு, ஸ்குரூ டிரைவர் ஆகியவற்றைப் பற்றி.

'இயந்திரக் கோளாறு காரணமாகப் படகு திசைமாறியது' என்பது வடபகுதிக் கரையோரச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் வாக்கியம். இயந்திரம் நின்றுவிட்டால், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கமே படகு போகும். பாக்கு நீரிணையில் அது 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை வரைந்த எல்லைக்கோட்டைத் தாண்டும் பயணமாகவும் மாறலாம். அதன் பின்னர் கைது, விளக்கமறியல், பறிமுதல் என்று கதை நீளும். இவ்வாறு அலைந்து மீண்ட சிலருடன் உரையாடியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் சொன்னது நினைவில் நிற்கிறது: "எஞ்சின் பெரிசாப் பழுதில்லைத் தம்பி. பிளக்கைக் கழற்ற ஏலாமற் போச்சு."

அதில் வியப்பில்லை. எமது கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரங்களிற் பல மண்ணெண்ணெயில் இயங்குபவை. பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாதபோது பிளக்கில் கரி படியும், பொறி பிறக்காது. கழற்றித் துடைத்தால் தீரும் சிக்கல்தான். ஆனால், உருக்கு பிளக் அலுமினியத் தலையில் இறுகியிருக்கும். உப்பும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பிடியை மேலும் இறுக்கும். மலிவான சாவியின் வாய் அப்போது விரிந்துகொடுக்கும். பிளக்கின் ஆறு மூலைகளும் மழுங்கிவிட்டால், பிறகு நல்ல சாவி கிடைத்தாலும் பயன் குறைவு. கெட்ட ஆயுதம் தானும் கெட்டு, வேலையையும் கெடுத்துவிடும்.

ஆகவே, நூறு துண்டுகள் கொண்ட வண்ணப் பெட்டி வேண்டாம். தரமான எட்டுப் பத்துச் சாமான்கள் போதும். பழைய ரூ ஸ்ரோக் இயந்திரங்கள் பலவற்றின் பிளக்குக்கு 21 மில்லிமீற்றர் சாவி பொருந்தும். அது ஆறு மூலை கொண்டதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலைச் சாவி இறுகிய தலையில் வழுக்கும். யப்பானிய இயந்திரங்களுக்கு 10, 12, 14, 17 மில்லிமீற்றர் ஸ்பானர்கள் பெரும்பாலும் போதுமானவை. ஒரு முனை வளையமாகவும் மறுமுனை திறந்தும் இருப்பவை நல்லவை. இவற்றுடன் ஒரு குறடு, தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்குரூ டிரைவர்கள், ஒரு கத்தி.

'குரோம் வனேடியம்' என்ற எழுத்தை மட்டும் நம்பவேண்டாம். அதை எவரும் பொறிக்கலாம். கடைக்குப் போகும்போது இயந்திரத்தின் ஆணி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். ஸ்பானர் அதில் இலகுவாக ஏறவேண்டும்; ஏறியபின் ஆடக்கூடாது. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முலாம் உரியும் பொருளையும் தவிருங்கள். உரிந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். துருப்பிடிக்காத எஃகில் செய்த மலிவான ஸ்பானர் கண்ணைக் கவரும். ஆனால், அழுத்தம் கொடுத்தால் அதன் வாய் விரியக்கூடும்.

வாங்கிய பின்னர் பராமரிப்பு. நன்னீரில் கழுவி, துடைத்து, எண்ணெய்த் துணியால் தடவி, இறுக மூடும் பிளாஸ்ரிக் வாளியில் வைத்தால் உப்புக்காற்று அண்டாது. ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிவிடுவது நல்லது. அலையில் ஆடும் படகில் ஈரக் கை நழுவவிடுவது கடலுக்கே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தின் ஒவ்வோர் ஆணியையும் கரையிலேயே ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

நல்லது விலை கூடியது என்பதை மறுக்கமுடியாது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, எண்ணெய்க்கே வழியற்றிருந்தவரிடம் தரமான ஸ்பானர் வாங்கு என்று சொல்ல எவருக்கும் வாய் வந்திராது. இந்த இடத்தில்தான் புலம்பெயர்ந்த உறவுகளை நினைக்கிறேன். விடுமுறைக்கு ஊர் வரும்போது சொக்கிலேற்றும் வாசனைத் திரவியமும் கொண்டுவருகிறீர்கள். கடற்றொழில் செய்யும் மைத்துனரோ மருமகனோ உங்களுக்கு இருந்தால், புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து அவருடைய இயந்திரம் எது, பிளக்கின் அளவு என்ன என்று கேளுங்கள். ஒரு பிளக் சாவியும் நான்கு ஸ்பானர்களும் பயணப்பெட்டியில் அதிக இடம் பிடிக்கா. கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் அவையும் ஆயுதங்களாகிவிடும்.