"ஒண்ணும் பண்ணல மாமா"

சின்ன த்ரெட். ஓபன் ஆகாத ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பத்தி. கேம் ஆடாதவங்களும் படிங்க, பாதியில நம்ம ஓபிக்கு வந்துடுவேன். 🧵

1) போன ஞாயிறு நைட் டியூட்டி முடிச்சு ஏனாத்தூர் வீட்டுக்கு வந்தா, எட்டாவது படிக்கிற அக்கா பையன் வாசல்லயே நிக்கிறான். "மாமா, கேம் ஓபன் ஆக மாட்டேங்குது." பழைய கார் ரேஸ் கேம். பழைய கம்ப்யூட்டர்ல நல்லா ஓடினதுதான். அக்கா போன மாசம் வாங்கின விண்டோஸ் 11 லேப்டாப்ல போட்டா ஒரே ஒரு பெட்டி வருது: 0எக்ஸ்சி000007பி.

2) "என்னடா பண்ண?"
"ஒண்ணும் பண்ணல மாமா."
சரின்னு வைத்தியத்தை ஆரம்பிச்சேன். கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட். அட்மினா ரன் பண்ணுறது. கம்பாட்டிபிலிட்டி மோட். கடைசியா மொத்தமா அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டேன். ரெண்டு மணி நேரம் போச்சு. அதே பெட்டி.

3) அடுப்படியில இருந்து அக்கா: "தம்பி, வைரஸ் கிரஸ் இல்லையே? என் பேங்க் வேலை எல்லாம் அதுலதான்டா பாக்குறேன்."
தூக்கம் வேற. கத்திட்டேன். "உண்மையைச் சொல்லு, என்ன பண்ணித் தொலைச்ச?" பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மறுபடி, "ஒண்ணும் பண்ணல."
அந்த முகத்தை நான் ஏற்கனவே பார்த்திருக்கேன்.

4) ரெண்டு வருஷம் முன்னாடி ஓபிக்கு ஒரு அம்மா. அறுபது வயசு தாண்டினவங்க. அசதி, தலைசுத்தல், ஆள் வெளுத்துப் போய் இருந்தாங்க. "வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" "இல்லைங்க சார்." இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.
அடுத்த தடவை "மலம் கருப்பா போகுதுங்க"ன்னாங்க. இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு நானே சமாதானம் சொல்லி அனுப்பிட்டேன்.

5) மூணாவது தடவை மயக்கத்துல தூக்கிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 6க்கும் கீழ. மருமக பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்து நீட்டுனாங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்புல வாங்கின வலி மாத்திரை, மாசக்கணக்கா ரெண்டு வேளை. எண்டோஸ்கோப்பியில இரைப்பையில புண், ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கு. வயசானவங்களுக்கு இது வயித்து வலியே இல்லாமலும் நடக்கும்.

6) ரத்தம் ஏத்தி, பிழைச்சுட்டாங்க. வார்டுல கேட்டேன், "ஏம்மா அன்னைக்கே சொல்லல?"
"அதுக்கு முன்னாடி ஒருக்கா, கடையில மாத்திரை வாங்குனதுக்கு நீங்கதான் சார் திட்டுனீங்க. அதான் பயந்துட்டேன்."
திட்டினது எனக்கு ஞாபகமே இல்லை. அவங்க மறக்கல.

7) லேப்டாப்பை மூடி வச்சுட்டு அவன் பக்கத்துல தரையில உக்காந்தேன். "திட்ட மாட்டேன்டா. அம்மாகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. முதல் முதல்ல போட்டப்பவே இதே பெட்டிதான் வந்துச்சா?"
ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இல்ல மாமா. முதல்ல வேற வந்துச்சு."

8) முதல்ல வந்தது: டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் காணோம். பையன் கூகுள்ல தேடி, ஏதோ ஒரு சைட்டுல அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும் இறக்கியிருக்கான். ஆன்டிவைரஸ் தடுத்திருக்கு. அதை ஆஃப் பண்ணிட்டு, ஃபைலை கேம் ஃபோல்டர்ல போட்டிருக்கான். அதுக்கப்புறம்தான் இந்த 7பி பெட்டி.

9) விஷயம் புரிஞ்சுடுச்சு. கேம் 32 பிட். பையன் இறக்கினது 64 பிட் ஃபைல். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, அதுக்கு விண்டோஸ் காட்டுற எரர்தான் இது. நான் அன்இன்ஸ்டால் பண்ணியும் போகல, ஏன்னா அன்இன்ஸ்டாலர் தான் வச்ச ஃபைலை மட்டும்தான் எடுக்கும். வெளியில இருந்து வந்தது அங்கேயே உக்காந்திருக்கும். கேம் முதல்ல தன் ஃபோல்டர்லதான் தேடும்ங்கிறதால, ஒவ்வொரு தடவையும் அதையேதான் எடுத்துக்கும்.

10) வைத்தியம் பத்து நிமிஷம். அந்த ஃபைலை டெலீட் பண்ணேன். மைக்ரோசாஃப்ட் சைட்டுல இருந்தே 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் ரன்டைமைப் போட்டேன். பழைய கேம்களுக்கு வேண்டிய அந்த ஃபைல்கள் புது விண்டோஸோட வர்றதில்லை. கேம் ஓடுச்சு.
ஆன்டிவைரஸை ஆன் பண்ணி முழு ஸ்கேன், அப்புறம் ஆஃப்லைன் ஸ்கேன். ஒண்ணும் சிக்கல. இருந்தாலும் அக்காவோட பேங்க் பாஸ்வேர்டை அவங்க போன்லயே மாத்த வச்சேன்.

11) அதனால மக்களே, டிஎல்எல் காணோம்னு வந்தா தனி ஃபைலா எங்கேயும் இறக்காதீங்க. அது எந்த பேக்கேஜோடதுன்னு பார்த்து, அதைத் தயாரிச்சவங்க சைட்டுல இருந்து முழுசா போடுங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.
டாக்டர்கிட்ட வரும்போது வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட எடுத்துட்டு வாங்க. கடையில வாங்கினது, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுல கொடுத்தது எல்லாமே.

12) அந்த அம்மா இப்பவும் செக்கப்புக்கு வர்றாங்க. உக்காந்ததும் பையை அப்படியே மேசையில கவுத்துடுவாங்க. போன மாசம் அதுல மறுபடியும் ஒரு வலி மாத்திரை அட்டை. ரெண்டு மாத்திரை காலி.
வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "முட்டி ரொம்ப வலிக்குதாம்மா?"ன்னு கேட்டேன்.