சிறு மூடியின் பெரும் பொறுப்பு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் பெரியோர். கணினியின் தாய்ப்பலகையிலும் அத்தகைய சிறு பொருள் ஒன்று உண்டு. ஜம்பர் என்பது அதன் பெயர். பயற்றம் விதையினும் சற்றே பெரிய பிளாஸ்டிக் மூடி. உள்ளே மெல்லிய உலோகத் தகடு. பலகையில் நிற்கும் இரண்டு ஊசிகளின் மீது அதனைச் செருகினால் அவற்றிடையே மின்சாரம் பாயும். கழற்றினால் பாதை அறும்.

புல்மோட்டைவாசிகளாகிய நமக்கு இத்தத்துவம் புதியதன்று. 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அன்று தொட்டு நமது கடற்கரை மணலோடு ஒட்டி வளர்ந்த கலையே இது. காந்தம் இல்மனைட்டை ஈர்த்தெடுக்கும். பின்னர் உயர் மின்னழுத்தம், மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கனையும் வேறாக்கும். கடத்துவதா, கடத்தாததா என்ற அதே வினாவையே ஜம்பரும் கேட்கின்றது.

சென்ற மாரியில் நண்பர் ஒருவரின் பட்டறைக்கெனத் தொழிற்கூடக் கணினிப் பலகை ஒன்றைப் பொருத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மருமகனும் துணைக்கு அமர்ந்தான். திரையையும் மின்தராசையும் இணைத்ததும் ஆளியைப் போட அவன் கை நீண்டது.

“போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே, மாமா” என்றான்.

“எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம், தம்பி, எரிந்த திரையைத் திருத்த இயலாது” என்றோம்.

நாம் மிகைபடக் கூறவில்லை. இத்தகைய பலகைகள் பலவற்றில், திரைக்குச் செல்லும் மின்னழுத்தம் 3.3 வோல்ற்றா, 5 வோல்ற்றா, 12 வோல்ற்றா என்பதை ஜம்பரே தீர்மானிக்கும். 3.3 வோல்ற் திரைக்கு 12 வோல்ற் சென்றால் அது பாழாகும். புதிய திரைக்கு மீண்டும் பணம் தேட வேண்டியவர் நண்பரே.

தராசின் இணைப்பும் அவ்வாறே. ஆர்.எஸ். 232 முறை ஏறத்தாழ 15 மீற்றர் தூரத்துக்கே ஏற்றது, ஆர்.எஸ். 485 முறையோ 1,200 மீற்றர் வரை செல்லும். எதனைத் தேர்வது என்பதையும் ஜம்பர் சொல்லும். மின்தடை நீங்கியதும் கணினி தானே விழித்தெழ வேண்டுமா என்பதற்கும் வேறொன்று உண்டு. அடிக்கடி மின்சாரம் நின்று வரும் இடத்தில் அது பேருதவி.

ஆதலின் முதலில் கையேட்டைப் படித்தோம். மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினோம். உடலில் தேங்கிய நிலைமின் நீங்க உலோகப் பெட்டியைத் தொட்டோம். சிறு முக்கோணக் குறியால் முதலாம் ஊசியை அறிந்தபின்பே மூடிகளை மாற்றினோம். ஆளியைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. தராசின் எண்ணும் தோன்றிற்று.

பின் எந்த மூடி எங்கே இருந்தது, எங்கே மாறியது என்பதை மருமகன் தமிழில் எழுதினான். அத்தாளைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டோம். உப்புக்காற்று ஊசிகளை அரித்து, என்றோ ஒருநாள் வேறொருவர் அப்பெட்டியைத் திறக்க நேரலாம். அவருக்கு அந்த ஒற்றைத் தாள் துணை நிற்கும்.