தலைக்கு ஜூம் போடாதீங்க!

ஓசூர்லேர்ந்து பெங்களூரு தாண்டி ஹைதராபாத் போறீங்களா பாஸ்? அங்கே பிர்லா அறிவியல் மியூசியத்துல நிக்குற கோட்டாசாரஸைப் பார்க்காம வராதீங்க. ஆனா, நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க!

நீளக் கழுத்து டைனோசராச்சேன்னு, தலையை மட்டும் சுத்திச் சுத்தி கிளிக்கினேன். கேமரா சார்ஜ் காலி. ஊருக்கு வந்து படிச்சா பகீர்! தெலங்கானாவின் யமன்பள்ளியில தோண்டினப்போ மண்டையோடே கிடைக்கலை. ரெண்டு பல்தான் கிடைச்சுது. தலை, யூகத்துல செஞ்சது!

கிடைச்ச எலும்புகள், குறைஞ்சது 12 டைனோசர்களோடது. 1988-ல பேர் வெச்சாங்க. நம்மூர் அசெம்பிளி லைன்ல பல கம்பெனி பார்ட்ஸ் சேர்ந்து ஒரே பைக் ஆகுமே, அப்படி!

16 கோடி வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள காத்திருந்தது கால் எலும்புதான். என் ஆல்பத்துல அது ஒண்ணுகூட இல்லை. நீங்களாவது கொஞ்சம் குனிஞ்சு எடுங்க!