எழுதாத இசைக்குக் கூலி இல்லை

நியூஜெர்சியில் எடிசன் நகரில் இருக்கும் நண்பன் வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு பியானோ டீச்சர் வருவார். இருபத்தாறு வயதுப் பெண். நண்பனின் மகளைக் கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிறார். "இவங்க ராத்திரியில நியூயார்க் கிளப்புல ஜாஸ் வாசிக்கிறாங்கடா. ஆனா பாப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம், பரீட்சைக்கு உள்ளது போதும்னு இவ கண்டிஷனா சொல்லிட்டா" என்று மனைவியைக் கைகாட்டினான் நண்பன். எனக்கோ அந்த ராத்திரிதான் வேண்டியிருந்தது. பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு டீச்சர் வரச் சொன்னார்.

குயீன்ஸில் ஒரு அறை. கட்டில், எலெக்ட்ரானிக் பியானோ, ஹெட்போன். நிஜப் பியானோவுக்கு இடமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் விடவும் மாட்டார்.

சொந்த ஊர் பிட்ஸ்பர்க். ஆறு வயதில் பாக்கில் ஆரம்பித்து, பீத்தோவன், ஷோப்பான், பிராம்ஸ் என்று ஏறி, இசைக் கல்லூரிப் பட்டமும் வாங்கிவிட்டார். ஜாஸ் பியானோவின் பெருந்தலைகள் பலர் அந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள், அல்லது வளர்ந்தவர்கள்: ஏர்ல் ஹைன்ஸ், மேரி லூ வில்லியம்ஸ், எரோல் கார்னர், அகமது ஜமால். 'மிஸ்டி' என்ற பாட்டை உருவாக்கிய கார்னருக்குக் கடைசிவரை நோட்டேஷன் படிக்கத் தெரியாது. "பதினெட்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன். ஒரு டீச்சரும் இவர்கள் பெயரைச் சொன்னதில்லை" என்றார். பின்னால் நூலகத்தில் ஒரு ஜமால் இசைத்தட்டு கிடைத்து, அதைக் கேட்ட பிறகுதான் பாதை மாறியிருக்கிறது. வீட்டில் இன்னும் அப்பாவுக்கு வருத்தம். கச்சேரி மேடை என்று நினைத்து வாங்கிய கடன், பேசாமல் பல் டாக்டருக்குப் படிக்கவைத்திருக்கலாம் என்பாராம்.

கற்றதை மறப்பதுதான் பெரும்பாடு. கிளாசிக்கல் கை எல்லாச் சின்ன ஸ்வரங்களையும் ஒரே அளவாக உதிர்க்கும். ஜாஸில் அப்படி வாசித்தால் தட்டச்சு மாதிரி இருக்கும். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அதன் தட்டு ஒன்றிலும் மூன்றிலும் அல்ல, இரண்டிலும் நான்கிலும் விழுவதாக மனதில் பாவித்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்கிறார். ஜாஸ் பியானோக்காரர் விண்டன் கெல்லியின் தனி ஆவர்த்தனம் ஒன்றை ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு முதலில் வாயால் பாடுகிறார். பாட வந்த பிறகுதான் கை கட்டையில் படும். காகிதத்தில் எழுதுவதே இல்லை.

அடுத்தது இடது கை. தனியாக வாசிக்கும்போது அடி ஸ்வரத்தை இடது கை பிடித்தாக வேண்டும். மூவர் குழுவில் அது பேஸ்காரரின் வேலை. பியானோ இடது கை அதை விட்டுவிட்டு மேலே உள்ள ஸ்வரங்களை மட்டும் தொட வேண்டும். "முதல் கச்சேரியில் நான் அடி ஸ்வரத்தையே அழுத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பேஸ்காரர், 'அப்போ நான் எதற்கு வந்தேன்?' என்று கேட்டார்." இதற்கு மேல் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மாற்றிப்போடும் வித்தை என்று அவர் விளக்கியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. விட்டுவிடுகிறேன்.

கிரீனிச் வில்லேஜில் ஒரு நிலவறைக் கிளப். 1935 முதல் நடக்கும் வில்லேஜ் வான்கார்ட் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நள்ளிரவுக்கு மேல் ஜாம் செஷன். சாக்ஸபோன்காரர் பாட்டின் பெயரைச் சொல்லி, இரண்டு விரலைக் கீழே காட்டினார். இரண்டு ஃப்ளாட், அதாவது பி ஃப்ளாட் சுருதி. கீழே காட்டினால் ஃப்ளாட், மேலே காட்டினால் ஷார்ப். ஒத்திகை அவ்வளவுதான். காலையில் எட்டு வயதுக் குழந்தையிடம் "முதுகை நிமிர்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இங்கே முதுகு வளைந்து, காதைச் சாக்ஸபோன் பக்கம் சாய்த்து வாசித்தார்.

கிடைத்தது 60 டாலர். இரவு டாக்ஸிக்கே பாதி போய்விடும் என்று சப்வேயில் போனார்.

அன்று வாசித்தவற்றில் ஒன்று 'ஹவ் ஹை தி மூன்'. 1940-இல் வந்த பாட்டு. பழைய பாட்டிலிருந்து எடுத்தது மெட்டும் கார்டு வரிசையும். நடுவில் இவர் பொழிந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்த இசை. ஆனால் கிளப் கட்டும் உரிமத் தொகை பாட்டை எழுதியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்தான். ரெக்கார்டு அமெரிக்காவின் சாதாரண ரேடியோவில் ஒலித்தாலும் வாசித்தவருக்கு ஒரு காசு கிடையாது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் காலத்து ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெட்டுக்குக் காப்புரிமை உண்டு, கார்டு வரிசைக்குக் கிடையாது. எனவே 'ஹவ் ஹை தி மூன்' கார்டுகளின் மேலேயே புது மெட்டுப் போட்டு 1946-இல் 'ஆர்னிதாலஜி' என்று பதிவு செய்தார்கள். அதை நான் தந்திரம் என்று சொல்லமாட்டேன். தற்காப்பு.

இப்போது ரெக்கார்டு போட்டுச் சம்பாதிப்பதும் கஷ்டமாகிவிட்டது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக் பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஒலித்திருக்காவிட்டால் பதிவுக்கான பங்கு இல்லை. அந்தத் தளத்தின் ஜாஸ் பட்டியல்கள் சிலவற்றில் மலிவாக எழுதி வாங்கிய இசை கற்பனைப் பெயர்களில் நிரப்பப்படுவதை லிஸ் பெல்லி என்ற பத்திரிகையாளர் விரிவாக எழுதியிருக்கிறார். நம் டீச்சருக்கும் ஒரு ஸ்டூடியோவிலிருந்து இந்த மாதிரி வேலை வந்திருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை, வேறு பெயர், பின்னால் உரிமை ஏதுமில்லை. அவர்கள் சொன்னது: யாரும் கவனிக்காத மாதிரி வாசிக்க வேண்டும். இருபது வருடப் படிப்பு இதற்கா? வாடகை கட்ட வேண்டியிருந்ததால் ஒப்புக்கொண்டார்.

கிளப் முதலாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களோடு இசைக்கலைஞர் சங்கமான லோக்கல் 802-உம் சேர்ந்து போராடி, நியூயார்க் மாநிலம் கிளப் நுழைவுக் கட்டணத்தின் மீதான வரியை நீக்கியது. மிச்சமாகும் பணம் கலைஞர்களின் ஓய்வூதிய நிதிக்குப் போகும் என்று சங்கம் நம்பியது. பெரிய கிளப்புகள் வரிச் சலுகையை வைத்துக்கொண்டன, நிதிக்கு ஒன்றும் தரவில்லை. நெல் விளைவித்தவனைவிட மூட்டை தூக்கிக் கொடுத்தவனுக்கு அதிகம் கிடைக்கிற கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல.

இந்தப் பெண்ணின் வாடகையைக் கட்டுவது ஜாஸ் அல்ல, எடிசனில் நம் குழந்தைகளின் கிரேடு தேர்வு. இதைப் படித்துவிட்டு ஜாஸ் கேட்கத் தோன்றினால், ஆள் பெயர் தெரியாத 'ரிலாக்ஸிங் பியானோ' பட்டியலைத் தட்டாதீர்கள். யாராவது ஒரு இளம் கலைஞரைத் தேடி, பேண்ட்கேம்ப் மாதிரியான தளத்தில் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குங்கள். நியூயார்க் போகிறவர்கள் கிளப்பில் ஜாடி நீட்டினால் சில்லறை தேடாதீர்கள், நோட்டாகவே போடுங்கள்.