பெயர் மறந்த ரதி

தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்படும் புகையிரதம், குன்றை ஒருமுறை வலம் வந்து, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே நுழைந்து, ஹாலி-எலவைக் கடந்து பதுளையிலே போய் நிற்கிறது. 1924-ஆம் ஆண்டு பதுளைவரை திறக்கப்பட்ட இப்பாதைக்கு இதுவே முடிவிடம். இங்கிருந்து பசறைப் பக்கம் பஸ்ஸில் ஏறினால் இருமருங்கும் தேயிலை. எதிரே நமுனுகுலை மலை. இவ்வழகை வியவாத பிரயாணி இல்லை. நாம் காணப் புறப்பட்டவையோ, தோட்டத்து வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கூத்துப் படங்கள்.

மாசி வளர்பிறையில் மலையகத் தோட்டங்களிலே கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்பி அவனை மீட்பதுமே கதை. பகலெல்லாம் மலையில் உழைத்தவர்கள் இரவிலே அரிதாரம் பூசித் தேவராகின்றனர். ரதியாக ஆடுபவரும் ஆடவரே என்பது பழைய வழக்கம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூதாட்டியார் ஒருவர் காட்டிய படத்தில் இருவர் நிற்கின்றனர். மன்மதன் கையில் கரும்பு வில். ரதியின் தலையில் கண்ணாடிக்கல் பதித்த முடி. பின்னே தூண்களும் பூங்காவும் தீட்டிய திரைச்சீலை, கீழே வெறுங்கால்கள். கூத்து நடப்பது இரவிலே. அக்காலத்துப் படத்தகடுகளுக்கோ மிகுந்த ஒளி வேண்டும். ஆதலின் படம் வேண்டுவோர் பகலிலே முழு வேடத்துடன் புகைப்பட நிலையத்துக்குச் சென்று அசையாது நிற்க வேண்டியதாயிற்று. பழைய தகடுகள் செந்நிறத்தை நன்கு உணரமாட்டா. சிவப்புப் பூச்சு கருமையாகவே பதியும். இந்த ரதியின் கன்னம் இருண்டிருப்பதும் அதனாலே போலும்.

“வில்லு வச்சிருக்கிறது எங்க அப்பாங்க ஐயா. பக்கத்துல நிக்கிறவரு குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிட்டாரு. பேருதான் வாயில வரமாட்டேங்குது” என்றார் அம்மூதாட்டியார். படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம்; வெறுமையாயிருந்தது.

1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அவ்வாறு போனவர்களின் கடவுச்சீட்டிலும் படம் உண்டு. அதில் முடியில்லை, அரிதாரமில்லை. ஆனால் பெயருண்டு, இலக்கமுண்டு. கலைஞனாய் நின்ற படத்திலோ அவனுக்குப் பெயரில்லை.

நியூயோர்க்கிலே நப்போலியன் சரோனி என்பார் நாடகக் கலைஞரைப் படம்பிடித்தே பெரும்புகழ் பெற்றார். 1882-இல் அவர் எடுத்த ஒஸ்கார் வைல்டின் படம் குறித்து வழக்கெழ, புகைப்படமும் ஆக்கியோனுக்கு உரிய படைப்பே என 1884-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம் தமிழ் மேடையிலும், 1933-இல் 27 வயதிலே மறைந்த கிட்டப்பாவின் முகத்தை நாம் அறிவது படங்களாலன்றோ? தோட்டத்து மக்களின் முகங்களும் அக்கால அஞ்சலட்டைகளிலே கடல் கடந்து சென்றன; கொழுந்து பறிப்போர் என்ற அளவிலேயே சென்றன.

2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. போன உயிர்களுக்கு முன் படம் பெரிதன்று. எனினும், ஒரு குடும்பத்தின் நினைவெல்லாம் ஒரே சுவரில் தொங்குமாயின், அச்சுவரோடு அதுவும் போய்விடும். தமிழகத்தில் எங்கோ ஒரு வீட்டிலும் இதே படத்தின் பிரதி தொங்கக்கூடும்; அங்கே மன்மதனின் பெயரை மறந்திருப்பர்.

ஆகவே, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: யார், எந்த வேடம், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலே ஏற்றது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டா. சட்டத்தின் பின்னே எழுதினாற் போதும். கைத்தொலைபேசியில் வரும் மாசியிலே பிடிக்கப்போகும் படங்களுக்கும் இதுவே விதி.